தனபாலன் சட்டை கழற்றிய வரலாறு

“தலை நிக்காத கொழந்தைய இந்தக் கை தொட்டதும் இல்ல, தொடப்போறதும் இல்ல!”

ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறைக்கு எதிரேயுள்ள டீக்கடையில், அடையாற்றங்கரைவாசியான தனபாலன் வலக்கையை உயர்த்தி இவ்வாறு பிரகடனம் செய்தார். அரசிதழில் வந்திருக்க வேண்டியது. டீக்கடையோடு நின்றுபோனது நாட்டின் துரதிர்ஷ்டம்.

பிரகடனத்துக்கு ஆதாரம் உண்டு. தம் இரண்டு பெண்களையும், அவர்களாகவே நடந்து வந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவர் தூக்கினார். அதுவரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மந்திரி அணைக்கட்டைப் பார்வையிடுவதுபோலத் தொட்டிலைப் பார்வையிட்டுத் திரும்புவார். “ஆம்பள கைக்கு அது ஆவாது” என்பது அவர் கொள்கை. இரும்பை மயிரிழை பிசகாமல் கடையும் அந்தக் கை பச்சைக் குழந்தையைக் கண்டால் நடுங்கும் என்று நான் எழுதினால் கோபித்துக்கொள்வார். எனவே எழுதவில்லை.

மூன்றாவது பிரசவத்தில் வந்தது சோதனை. மனைவி அன்புக்கரசிக்கு எட்டாம் மாதத்தில் கால் வீங்கி, தலை விடாமல் வலித்தது. “வெயிலு” என்று தீர்ப்பளித்தார் தனபாலன். வீடு வீடாக வரும் சுகாதார நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து, அவளை ஆட்டோவில் ஏற்றினார். முன்பெல்லாம் இதே வீக்கத்துக்கு வேப்பிலை அடிப்பார்கள். அடித்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசரமாக ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. தானாக மூச்சுவிட்டது. ஆனால் உடம்பில் சூடு தங்கவில்லை, பாதம் சில்லிட்டுக்கொண்டே போனது. அன்புக்கரசிக்கோ அழுத்தம் இறங்கவில்லை. அசையக்கூடாது என்று வேறு வார்டில் வைத்திருந்தார்கள்.

ஏழை நாடுகளில் தாயும் சேயும் சாகாமல் காப்பது எப்படி என்று உலக அறிஞர்கள் குளிர்சாதன அரங்குகளில் பல ஆண்டுகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். பேசியது வீண்போகவில்லை. எத்தனையோ நல்ல வழிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றுக்குக் காசே தேவையில்லை: யாராவது சட்டையைக் கழற்ற வேண்டும்.

குழந்தைகள் வார்டு நர்ஸ் ஜொவிட்டா வெளியே வந்தார். “அம்மா வர முடியாது. வேற யாராவது பாப்பாவ வெறும் நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கணும், கங்காரு மாதிரி. யார் வரீங்க?”

தனபாலனின் அக்கா பாஞ்சாலி முன்னே பாய்ந்து, பாய்ந்த வேகத்தில் இருமினாள்.

“இருமல் இருக்கவங்க வேணாம்மா. பாப்பாவோட அப்பா யாரு?”

தனபாலன் தமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர் மட்டுமே நின்றது.

“ஆம்பளைக்கு அதெல்லாம் வராது சிஸ்டர்.”

“உடம்புல சூடு இருக்கா?”

“வாயில கீது சிஸ்டர்,” என்றாள் பாஞ்சாலி. “டேய் பாலு, கொழந்த சில்லிட்டுப் போய்க்கினு கீது, நீ இன்னாடா சட்டம் பேசிக்கினு நிக்கிற? போய்க் கழுவிக்கினு வா!”

போனார். திரும்பி வருவதற்குள் பாஞ்சாலி ஆஸ்பத்திரி வாசலுக்கும் வார்டுக் கதவுக்கும் நடையாய் நடந்தாள். வந்தவரின் கையும் மார்பும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. ஜொவிட்டா மூக்கைச் சுளித்தார்.

“என்ன வாசனை இது?”

“மண்ணெண்ணெய் சிஸ்டர். கிரீஸ் அதுலதான் போவும். பட்டறையில எல்லாரும்...”

“அடக் கடவுளே! இது குழந்தையா, கியர்பாக்ஸா? திரும்பப் போய் சோப்பு போட்டுக் குளிங்க. வாசனை சுத்தமா போகணும். சீக்கிரம்!”

இம்முறை ஓடினார். நாற்பத்திரண்டு வயதில் அவர் ஓடி அதுவரை எவரும் பார்த்ததில்லை.

மறுபடியும் மோந்து பார்த்துத் திருப்தியடைந்த ஜொவிட்டா, அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை மார்பில் படுக்கவைத்துத் துணியால் கட்டினார்.

“தலை ஒரு பக்கமா திரும்பியே இருக்கணும். முகவாய் கீழ சாஞ்சா மூச்சு முட்டும். பார்த்துக்குங்க.”

தனபாலன் இரு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகளில் நீட்டிவைத்துக்கொண்டார். தொட்டிருப்பது நெஞ்சு, கை அல்ல என்ற நுட்பமான சட்ட நிலைப்பாடு அது. வார்டின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற பாஞ்சாலி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஜொவிட்டா வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்து, “கொஞ்சம் சூடு ஏறுது” என்று சொல்லிவிட்டு, வேறொரு குழந்தை அழவும் அங்கே போனார்.

அப்போது துணி சற்றுத் தளர்ந்தது. குழந்தையின் தலை மெல்லச் சரிந்து, முகவாய் அதன் மார்பிலேயே இடித்தது. தனபாலனின் நெஞ்சில் அதன் மூச்சு பட்டுக்கொண்டிருந்த இடம் சட்டென்று வெறுமையானது.

“சிஸ்...” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். வலக்கை கைப்பிடியிலிருந்து எழுந்தது. நடுங்கியதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு விரல்கள் காதுக்குப் பின்னால் போயின, உள்ளங்கை பிடரியைத் தாங்கியது, தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. மூச்சு மீண்டும் வந்து பட்டது.

ஜொவிட்டா திரும்பி வந்தார். “போதும்ப்பா. குடுங்க, போய்ச் சாப்பிட்டு வாங்க.”

“இருக்கட்டும் சிஸ்டர்,” என்றார் தனபாலன், உதடு அசையாமல். “தூங்குது.”