வாயில் மட்டும் அடிக்காதே

லுவீனியா பிறந்த தெருவில் அடிதடிக்குக் குறைச்சலே கிடையாது. ஆனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ட்ரம்பெட் ஊதுகிறவரை எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், வாயில் மட்டும் கை வைக்கக் கூடாது. சாவு ஊர்வலமோ சாராயக் கடையோ, நியூ ஆர்லியன்ஸில் அந்த உதடுதான் சோறு போடும். கிழிந்தால் பிழைப்பு போயிற்று.

அவள் அப்பா ஆல்சிட் அந்தக் கட்டுப்பாட்டை ஒரு நாளும் மீறியதில்லை. இடுப்பு வாரைக் கழற்றினால் முதுகு, தொடை, கால் என்று பாரபட்சமில்லாமல் விளாசுவார். ட்ரம்பெட் பழகிய மகள் தலையைக் காக்க மாட்டாள், கண்ணைக் காக்க மாட்டாள். இரண்டு கைகளும் தானாகப் போய் வாயைப் பொத்திக்கொள்ளும். அடித்து ஓய்ந்ததும், “வாய் பத்திரமா இருக்குல்ல? போ, போய் ஊது” என்பார். பாசம் அந்த வீட்டில் அப்படித்தான் வெளிப்பட்டது, நாசமாய்ப் போக.

கட்டிக்கொண்டவன் க்ளோவிஸ், ட்ரம்ஸ் வாசிப்பவன். குடித்தால் வீட்டிலும் வாசிப்பான், அவள் மேல். விலா எலும்பு ஒடிந்தபோதுகூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் அவன் கை உதட்டுப் பக்கம் வந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோளக் கஞ்சியைப் பானையோடு தூக்கி அவன் மடியில் கவிழ்த்தாள். அவன் அலறியது தெருக்கோடி வரை கேட்டது. “வாய்க்குப் போனானாம்ல, வேணும் அவனுக்கு” என்றார்கள் பக்கத்து வீட்டார்.

அப்படிக் காப்பாற்றிய வாயோடுதான் ஊரின் பெரிய ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தாள். மேடையில் வாசித்தால் மட்டும் போதாது, மக்களிடம் போய்ச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும் என்று அதை நடத்திய ப்ராஸ்பர் முடிவு செய்தார். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆள் இருந்தது, பூங்காவுக்கு அடிபிடியே நடந்தது. பெண்கள் சிறைக்குத்தான் யாரும் கை தூக்கவில்லை.

“லுவீனியா, நீ போயேம்மா” என்றார்.

“ஏன், மத்தவங்களுக்கெல்லாம் கால் ஒடிஞ்சுபோச்சா?”

“பயப்படுறாங்க. நீ பார்க்காத அடியா?”

சிறை வாசலிலேயே வார்டர் ஹீபர் சொல்லிவிட்டான். “ஒரு சொட்டு ரத்தம் விழுந்துச்சு, உன் வகுப்பை இழுத்து மூடிருவேன்.”

வகுப்பில் டெல்ஃபினுக்கு ட்ரம்பெட். கூட வாழ்ந்தவனைக் கத்தியால் குத்திவிட்டு வந்தவள். மாவிஸுக்கு ட்ராம்போன், இழுத்து இழுத்து ஊதும் நீளமான பித்தளைக் குழல்; மாமியார் வீட்டைக் கொளுத்திவிட்டு வந்தவள். லுவீனியாவுக்கு இருவரையும் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. வாரம் முழுக்க அடக்கிவைத்த ஆத்திரத்தை அவர்கள் ஊதித் தள்ளும்போது சுவர் அதிரும். அந்த ஒரு மணி நேரம் அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதற்காகவே அந்த வகுப்பைத் தன் உயிராக நினைத்தாள்.

சிறை முற்றத்தில் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்க நாள் குறித்தார்கள். தனியாக யார் வாசிப்பது என்று சண்டை வந்தது.

“பூனை வாலை மிதிச்ச மாதிரி ஊதுறவளுக்குத் தனி வாசிப்பு ஒரு கேடா?” என்றாள் மாவிஸ்.

“உன் புருசன் ஓடினதே உன் ஊதலைக் கேட்டுத்தானேடி!” என்றாள் டெல்ஃபின்.

மாவிஸ் ட்ராம்போனின் ஊதுமுனையைப் பிடுங்கினாள். கனத்த உலோகம். காலுறைக்குள் போட்டுச் சுழற்றி டெல்ஃபினின் வாயைக் குறிவைத்து வீசினாள்.

லுவீனியாவின் கைகள் தானாக எழுந்தன. ஆனால் இந்த முறை அவளுடைய சொந்த வாய்க்குப் போகவில்லை. பாய்ந்து டெல்ஃபினின் வாயைப் பொத்தின. வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன.

ஓடி வந்த ஹீபரிடம், “கதவுல நசுங்கிருச்சு” என்றாள், கையைப் பாவாடையில் சுற்றிக்கொண்டே.

அவன் காலுறையையும் பார்த்தான், மாவிஸையும் பார்த்தான். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். வகுப்பு தப்பித்தது என்று லுவீனியா நினைத்தாள்.

மறுவாரம் கையில் மாவுக்கட்டோடு போனாள். மாவிஸ் ட்ராம்போனை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தாள். உதடு மூக்கு வரை கிழிந்து தைத்திருந்தது. முன்பற்களைக் காணோம்.

“யாருடி?”

மாவிஸ் கதவைப் பார்த்தாள். அங்கே ஹீபர் தடியைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

“நானும் ஒரு பாடம் சொல்லிக் குடுத்தேன். நீ மட்டுந்தான் வகுப்பு எடுக்கணுமா?”

லுவீனியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாழ்நாளில் யாருடைய வாயிலும் கை வைக்காதவள், மாவுக்கட்டுக் கையை ஓங்கி அவன் வாயிலேயே இறக்கினாள். கட்டு உடைந்து தூளாகிற வரை இறக்கினாள். பிடித்து இழுக்க நான்கு வார்டர்கள் தேவைப்பட்டார்கள். அவன் பற்களை யாரும் தேடிப் பொறுக்கவில்லை.

அந்த வாரமே நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நீதிபதி கேட்டார். “அடிச்சது சரி, ஏம்மா வாயிலயே அடிச்ச?”

“அந்த வாய் எதையும் ஊதுறதில்லைங்க ஐயா.”

அதே சிறையில் ஓராண்டு போட்டார்கள். ஆர்கெஸ்ட்ரா அவளைக் கைகழுவியது. வகுப்பை மூடச் சொல்லி உத்தரவும், வாத்தியங்களை ஏற்றிப்போக வண்டியும் சேர்ந்தே வந்தன. ஆனால் டீச்சரையே உள்ளே தள்ளிவிட்டு வகுப்பை எப்படி மூடுவதாம்?

வாத்தியங்கள் போன அன்று மாலை சாப்பாட்டு மேசையில் தாளம் போட ஆரம்பித்தது டெல்ஃபின்தான். லுவீனியா கோணிப்போன விரல்களைக் காற்றில் அழுத்தி வாயாலேயே ட்ரம்பெட் ஊதினாள். மாவிஸ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி பார்த்துட்டிருக்க? உன் முறை.”

“பல்லு இல்லக்கா.”

“தொண்டை இருக்குல்ல?”

மாவிஸ் கிழிந்த உதட்டைத் திறந்து ட்ராம்போனாக உறுமினாள். தையல் பிரிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. அவள் நிறுத்தவில்லை.