பனிக்கடலில் ஒரு கெட்டில் வெந்நீர்

என் மச்சான் கலைமணியைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். துருவக் கடலில் பாய்மரக் கப்பலில் போகிற பெரிய ஆள் என்று ஒரு கூட்டம். ஒழுங்காக ஓர் ஆஸ்பத்திரியில் உட்காரத் தெரியாமல் ஊர் சுற்றுகிறவன் என்று இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவன் நான்தான். அவன் அக்கா சத்யப்பிரியாவைக் கட்டியவன் என்கிற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

அவனுக்குத் திருவதிகைப் பக்கம். முந்திரித் தோப்புக் குடும்பம். அண்ணாமலை நகரில் நர்சிங் படித்த காலமெல்லாம் சிதம்பரத்தில் எங்கள் வீட்டில்தான் சோறு. நான் கீழ வீதியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையில் கொஞ்சம் உதவி செய்டா என்றால், வருகிறவர்களிடம் கதை கேட்டுக்கொண்டு நிற்பான். இருமல் மருந்து வாங்க வந்தவர் தன் மருமகள் சண்டை வரைக்கும் சொல்லிவிட்டுப் போவார். வியாபாரம் எங்கே நடக்கும்?

படிப்பு முடிந்ததும் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் சேர்ந்தான். காலையில் கட்டில் கட்டிலாகப் போய், "தண்ணி குடிச்சீங்களா? வெளிக்குப் போச்சா?" என்று கேட்பதுதான் அவனுடைய முதல் வேலை. படுத்திருக்கிறவரை மட்டும் கேட்டால் பரவாயில்லை. அவரைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக வந்த சம்பந்தியையும் கேட்பான். ஒரு தடவை தாசில்தார் ஒருவரைக் கேட்டுவிட்டான். அவரும் யோசித்துப் பார்த்து, இல்லை என்றாராம்.

அங்கிருந்து ஒரு பயணிகள் கப்பலில் நர்ஸ் வேலைக்குப் போனான். அதில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் இந்தப் பாய்மரக் கப்பல் வேலை வந்தது. நார்வேக்கும் வடக்கே, பனிக்கட்டி மிதக்கிற கடலில், கோடைதோறும் மாலுமிகளோடு கல்லூரி மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற கப்பல். அதில் டாக்டர் கிடையாது. இவன்தான் எல்லாம். சந்தேகம் வந்தால் சாட்டிலைட் போனில் கரையில் இருக்கிற டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் குளிரில் தாகமே தெரியாதாம். ஒன்றுக்குப் போக ஐந்தாறு உடுப்பைக் கழற்ற வேண்டுமே என்று மாலுமிகள் தண்ணீரே குடிக்க மாட்டார்களாம். அப்புறம் தலைவலி, தலைச்சுற்றல், மலச்சிக்கல். பாய்மரத்தின் உச்சியில் ஏறி நிற்கிறவனுக்குத் தலை சுற்றினால் என்ன கதி? அதனால் நம் ஆள் தினமும் காலையில் எல்லோரிடமும் கடலூர் வார்டுக் கேள்வியை இங்கிலீஷில் கேட்க ஆரம்பித்தான். கப்பலின் கேப்டன் மார்த்தா என்கிற அம்மாள். அந்த அம்மாளிடம் பிறந்ததிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். முகம் சிவந்துபோய், "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றாராம்.

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று இவன் சொல்லிவிட்டால் மேல்தளத்தில் வேலை கிடையாது. அடுத்த துறைமுகத்தில் இறக்கியும் விடுவார்கள். அந்தப் பயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஒருத்தரும் உண்மைய சொல்ல மாட்றாங்க மாமா. நான் என்னாத்த வைத்தியம் பாக்கறது?" என்று என்னிடம் புலம்பினான்.

போன கோடையில் ஒரு நாள். மத்தியான நேரம், கடையில் நல்ல கூட்டம். போன் வந்தது. கலைமணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"மாமா, அக்காகிட்ட சொல்லாதீங்க. எனக்கு ரெண்டு நாளா வயித்து வலி. தாங்க முடியல. குடல்வாலா இருக்கலாம்னு கரையில இருக்கற டாக்டர் சொல்றாரு. கேப்டன் கப்பலத் திருப்பப் போறாங்க."

கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தேன். "திருப்பட்டும்டா. உசுரு முக்கியமா, கப்பல் முக்கியமா?"

"அது இல்ல மாமா. திருப்பிட்டா இந்த வருஷப் பயணமே அவ்ளோதான். புள்ளைங்க எல்லாம் ஒரு வருஷமா காத்துகிட்டிருந்து வந்தவங்க. எல்லாம் என்னால போயிடும்."

அந்தக் குரலில் வலிக்கு மேல் வேறு ஏதோ இருந்தது. எனக்கு இவனைத் தெரியும். ஒரு தடவை குடும்பத்தோடு காசிக்கு ரயிலில் போனோம். ரயில் கக்கூஸ் பிடிக்கவில்லை என்று வழி முழுக்க ஒரு வாய் சாப்பிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவன் இவன்.

"மச்சான், ஊரையே கேக்கறியே, இப்ப நான் கேக்கறேன். நீ வெளிக்குப் போயி எத்தினி நாளாச்சி?"

கடையில் நின்றவர்கள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள்.

"சொல்றா."

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும் மாமா."

"டாக்டர் கேட்டிருப்பாரே. என்னான்னு சொன்ன?"

"தெனம் போவுதுன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா?"

"இங்க தண்ணி இல்ல மாமா."

"நடுக்கடல்ல ஒக்காந்துகிட்டு தண்ணி இல்லன்றியா நீ?"

அவன் சொன்னது இதுதான். பயணிகள் கப்பலில் வெந்நீரே குழாயில் வரும், கவலையில்லை. இதில் எல்லோருக்கும் காகிதம்தான். நம் ஆளுக்குக் காகிதம் ஆகாது. முதல் நாள் மக்கில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். பனிக்கட்டி உருகின மாதிரித் தண்ணீர். பட்டதும் உயிர் போய் உயிர் வந்ததாம். வெந்நீர் வேண்டுமென்றால் சமையல்காரரிடம் கேட்க வேண்டும். எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? அந்த வெட்கத்தில் போவதையே தள்ளிப்போட்டு, சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்து, மற்றவர்களுக்கு எதையெல்லாம் செய்யாதே என்றானோ அதையெல்லாம் தானே செய்திருக்கிறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இது குடல்வாலா இல்லையான்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. டாக்டர்தான் சொல்லணும். பொய்ய வச்சிகிட்டு அவரு எப்படிச் சொல்லுவாரு? இப்பவே போயி உண்மைய சொல்லு."

"அசிங்கமா இருக்கு மாமா. இவுங்க மூஞ்சில அப்புறம் எப்படி முழிப்பேன்?"

"அப்ப கேப்டன்கிட்ட போனக் குடு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நான் சொல்றேன்."

"வேணாம் மாமா. நானே சொல்றேன்," என்றான். லைன் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் சத்யப்பிரியா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். மறைக்க முடியவில்லை. கேட்டுவிட்டு, "வெக்கங்கெட்டவன், இதுக்குப் போயா வெக்கப்பட்டான்," என்று திட்டிக்கொண்டே அழுதாள். தில்லைக் காளிக்கு வேண்டிக்கொண்டாள். கேரியர் அப்படியே இருந்தது. அவளுக்குத் தைரியம் சொன்னேன். எனக்குத்தான் அது துளியும் இல்லை.

கப்பலில் நடந்ததை அவன் லீவில் வந்தபோதுதான் முழுதாகச் சொன்னான். கப்பலைத் திருப்புவதைச் சொல்வதற்காக, சாப்பிடுகிற அறையில் கேப்டன் எல்லோரையும் கூட்டியிருந்தார். தனியாகச் சொல்லலாம் என்று போனவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நின்றான். "கொஞ்சம் பொறுங்கள், நான் டாக்டரிடம் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்து, மக், காகிதம், குளிர்ந்த தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். கடைசியில், "தினமும் உங்களைக் கேட்டேன். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் எல்லாம் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்," என்றான்.

யாரும் சிரிக்கவில்லையாம். சமையல்காரர் மட்டும் எழுந்து உள்ளே போனார். கெட்டிலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

கேப்டன் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. வயிற்றில் எங்கெங்கே அழுத்தினால் வலிக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பெட்டியில் இருக்கிற எந்த மருந்தை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லி, சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம், குறையவில்லை என்றால் திரும்பிவிடுங்கள் என்றார். கப்பல் பாயை இறக்கிக்கொண்டு அங்கேயே நின்றது.

சாயங்காலம் வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. கெட்டிலோடு உள்ளே போனவன் வெளியே வந்தபோது மாணவர்கள் கைதட்டினார்களாம். எங்களுக்கு, "சரியாயிடுச்சி, கப்பல் வடக்கதான் போவுது" என்று ஒரு வரி வந்தது. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கே, அவன் படுத்திருந்த அறைக்கு ஓலாவ் என்கிற மூத்த மாலுமி வந்தார். அறுபது வயசு, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவர். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பூட்சைக் கழற்றினார், காலுறையை உருவினார். இடது காலில் மூன்று விரல் குளிரில் விறைத்து, மெழுகு மாதிரி வெளுத்துப் போய், கொப்புளம் கட்டியிருந்தது.

"நீ அவ்வளவு பேர் முன்னால் சொன்னாய். நான் உன் ஒருத்தனிடமாவது சொல்கிறேன்," என்றாராம்.

இன்னும் ரெண்டு நாள் மறைத்திருந்தால் விரல் போயிருக்கும் என்று கலைமணி சொன்னான். டாக்டரைக் கேட்டுக் கேட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைத்து, தேய்க்காமல், ஒற்றி எடுத்துக் கட்டுப் போட்டு, பயணம் முடிகிற வரை அவரை மேல்தளத்துக்கு விடவில்லை. அவரும் முறைத்துக்கொண்டே படுத்திருந்தார். அவர் போய்வந்தது தெரிந்ததும் பல் வலிக்காரன், தோள் பிசகினவன் என்று அடுத்தடுத்து கதவைத் தட்டினார்கள். வலிக்காதவர்கள் அந்தக் கப்பலில் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருந்திருக்கிறார்கள்.

போன வாரம் எங்கள் வீட்டில் கலைமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் போனுக்கு ஒரு படம் வந்தது. இடது கையால் திறந்து என்னிடம் நீட்டினான். புல்தரையில் நீட்டியிருக்கிற ரெண்டு வெள்ளைக் கால். வேறு ஒன்றும் இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. யாருடையது என்று அவன் சொல்வதற்கு முன்னால் நான் விரல்களை எண்ண ஆரம்பித்திருந்தேன். பத்தும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பார்த்துவிடக் கூடாதே என்று, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோடா என்று அதட்டினேன்.