ஏழு அம்மனும் இருபத்தொரு ஜோடி செருப்பும்

போன வருடம் ஆடி மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் ஆம்பூரிலிருந்து ஒரு வேனில் கிளம்பினோம். நான் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் தையல் பிரிவுப் பெண்கள் ஆடியில் ஒரு நாள் சேர்ந்து அம்மன் கோயில்களுக்குப் போய் வருவது வழக்கம். எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் புடவை எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். வழக்கமாக மூன்று கோயில், மிஞ்சிப்போனால் நான்கு. அந்த வருடம் ஏற்பாடு என் கைக்கு வந்ததும் நான் ஏழு என்று சொல்லிவிட்டேன். அம்மன்கள் அக்கா தங்கை ஏழு பேர் என்பார்களே, ஏழு பேரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு வேகம்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து போனில் மேப்பைப் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டேன். குடியாத்தத்தில் தொடங்கி, பேரணாம்பட்டு வழியாக ஆம்பூருக்கே திரும்பி, ஆலங்காயம், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, கடைசியில் மலையடிவாரத்தில் ஒரு கோயில். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று கூட எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் லீடர் அக்கா அதைப் படித்துவிட்டு, "இன்னாடி இது, ஏற்றுமதி ஆர்டர் மாதிரி போட்டிருக்க. சாமி கும்பிட டைம் விட்டிருக்கியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டவில்லை.

மொத்தம் இருபத்திரண்டு பேர். லைனில் வேலை செய்கிற இருபத்தோரு பேரும் நானும். கடைசி நேரத்தில் ஒருத்திக்கு வர முடியாமல் போக, அந்த இடத்துக்கு எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா வருகிறேன் என்றார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏழும் ஒரே நாள்ல முடிஞ்சிடுமா மேடம்?" முடிந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். பட்டியலில் "ஹவுஸ்கீப்பிங் 1" என்று எழுதிக்கொண்டேன்.

முதல் கோயிலிலேயே ஒரு சிக்கல் வந்தது. ஆடி ஞாயிறு என்றால் எங்கள் பக்கம் எல்லாக் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள், கூட்டம் தாங்காது. பார்க்கிற பக்கமெல்லாம் மஞ்சள் புடவைதான். தலையை எண்ணலாம் என்று நின்றால் ஒருத்தி பொங்கல் வாங்கப் போவாள், இன்னொருத்தி வளையல் கடைக்குத் திரும்புவாள். இரண்டு தடவை எண்ணினேன், பத்தொன்பது ஒரு தடவை, இருபத்தைந்து ஒரு தடவை வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. நாள் முழுக்க ஜோடி ஜோடியாகச் செருப்பும் ஷூவும் பார்க்கிற ஆள் நான். ஆளை எண்ணுவதைவிட செருப்பைப் பார்ப்பது எனக்குச் சுலபம். அதனால் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் செருப்பை விட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தரிசனம் முடித்து வருகிறவர்கள் மாட்டிக்கொண்டு நேராக வண்டிக்குப் போய்விட வேண்டும். கடைசி ஜோடியும் போய்விட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் "ரைட்" என்று சொன்னால் வண்டி கிளம்பும்.

நான்கு கோயில் அப்படியே ஓடியது. திட்டத்தைவிடப் பத்து நிமிடம் முன்னாலேயே இருந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. லீடர் அக்கா கூட, "பரவால்லடி, மூளை இருக்கு உனக்கு" என்றார்.

ஐந்தாவது கோயில் வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில். மதியம் பன்னிரண்டரை இருக்கும். கடைசி ஜோடி கிளம்பியது, நானும் ஏறினேன், ரைட் சொன்னேன். இன்னும் இரண்டே கோயில். நான் போனை எடுத்து, கோயில் வாசலில் எடுத்த குரூப் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாட்றம்பள்ளியை நெருங்கும்போது கடைசி சீட்டில் குவித்து வைத்திருந்த பைகளுக்குள் ஒரு போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "யாரு போனும்மா அது, எடுங்களேன். ரெண்டாவது தடவையா கத்துது" என்றார். ஒருவரும் அது தன்னுடையது என்று சொல்லவில்லை. பின்னால் இருந்த ஒருத்தி பைகளைத் தள்ளிவிட்டுத் தேடினாள். ஒரு துணிப்பையில் இருந்தது. திரையில் "பாப்பா" என்று இருந்தது.

"இது ஹவுஸ்கீப்பிங் அக்கா பையாச்சே. அவங்க எங்க?"

எல்லோரும் சீட்டு சீட்டாகத் திரும்பிப் பார்த்தார்கள். லீடர் அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "அந்தக்கா காலைலருந்து செருப்பே போடலியே. வெறுங்காலோடதான வண்டில ஏறுச்சு."

இருபத்திரண்டு பேர், இருபத்தொரு ஜோடி. வரிசை காலியாகிறதா என்று பார்த்தேனே தவிர, வரிசையில் எத்தனை இருந்தது என்று ஒரு தடவைகூட நான் எண்ணவில்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்துகொண்டு, காலையிலிருந்து ஒருவர் வெறுங்காலோடு நடப்பதை நான் பார்க்கவும் இல்லை.

"ஒரு ஆட்டோ புடிச்சு வந்துருவாங்க" என்றாள் ஒருத்தி. "பை, போனு எல்லாம் இங்க கெடக்குது. யாராண்ட கேட்டு ஆட்டோ புடிப்பாங்க?" என்றாள் இன்னொருத்தி.

டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். "திருப்பணுமா, வேணாமா, சீக்கிரம் சொல்லுங்க. ஹைவேஸ்ல நெனைச்ச எடத்துல திரும்ப முடியாது. திரும்பினா அடுத்த கோயில் நடை சாத்திடுவாங்க, அப்புறம் சாயங்காலந்தான்."

"திருப்புங்க அண்ணா" என்றேன்.

வண்டி திரும்பும் இடம் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. நான் எடுத்த குரூப் போட்டோவில், எங்களுக்குப் பின்னால் கோயில் விழாக் குழுவின் பேனர் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு போன் நம்பர். கூப்பிட்டேன். மைக் செட் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்படி இருப்பாங்க?"

"மஞ்சள் புடவை கட்டியிருப்பாங்க."

"இன்னிக்கு இங்க எல்லாருமே மஞ்சா புடவைதாம்மா. பேர் சொல்லுங்க, மைக்ல கூப்பிட்டுடறேன்."

நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு, "அவங்க பேர் என்ன?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டேன். இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம். அவர் என் மேஜையைத் துடைக்காத நாள் கிடையாது. லீடர் அக்கா அங்கே பன்னிரண்டு வருடம். அவருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து துணிப்பையில் இருந்த போன் மறுபடியும் அடித்தது. பாப்பா. இந்தத் தடவை நான் எடுத்தேன்.

"அம்மா, சாப்ட்டியா? எத்தினியாவது கோயில்?" ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளையின் குரல்.

நான் அம்மாவின் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்றேன். அம்மா ஒரு கோயிலில் வண்டியில் ஏறாமல் விடுபட்டுவிட்டார், கூட்டிவரத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறோம், பயப்படாதே என்றேன். அடுத்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்க அம்மா பேர் என்னம்மா? மைக்ல கூப்பிடணும்."

 "பேர் தெரியாமயா கூட்டினு போனீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு சொன்னாள். "போன மாசம் எனக்கு டெங்கு வந்து ரொம்ப ஜாஸ்தியாய்டுச்சு. ஏழு அம்மனுக்கும் ஒரே நாள்ல, கால்ல செருப்பு இல்லாம வர்றேன்னு எங்கம்மா வேண்டிக்கிச்சு. முடிக்காம வூட்டுக்கு வராது அது" என்றாள்.

ஏழும் ஒரே நாளில் முடிந்துவிடுமா என்று அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாவதில் நான் அவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் போனில் காத்திருந்த விழாக் குழுக்காரர் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு மைக்கில் மூன்று தடவை சொன்னது போன் வழியாக எனக்கும் கேட்டது. யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். "கூழ் ஊத்தற எடத்துல விசாரிச்சேம்மா. ஒரு அம்மா நாட்றம்பள்ளிக்கு எப்படிப் போறதுன்னு கேட்டுட்டு ரோட்டோரமா நடந்தே போய்டுச்சாம்."

மதியம் ஒரு மணி வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு.

எதிர்ப்பக்கச் சாலையில் வண்டி மெதுவாகப் போக, எல்லோரும் ஒரு பக்க ஜன்னலில் முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தோம். முதலில் பார்த்தது டிரைவர் அண்ணன். "தோ, அந்த பஞ்சர் கடைல மஞ்சளா தெரியுது பாருங்க."

இறங்கி, நடுத்தடுப்பின் இடைவெளி வழியாகச் சாலையைக் கடந்தேன். ஓலைக் கொட்டகை போட்ட சின்னப் பஞ்சர் கடை. ஓட்டை பார்க்க டியூபை முக்குவார்களே, அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் தொட்டிக்குள் இருந்தன. நான் அவர் பெயரைச் சொல்லி, அக்கா என்று சேர்த்துக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு யாராவது கூப்பிட்டார்களோ என்று எனக்குப் பின்னாலும் ஒரு தடவை பார்த்தார்.

கடைக்கார பாய் ஒரு டயரைக் கழற்றியபடியே பேசினார். "பாக்கவே பேஜாரா இருந்துச்சும்மா. நொண்டி நொண்டி வந்தாங்க. என் செருப்பக் கழட்டிக் குடுத்தேன், வேண்டுதலு வேணாம்னுட்டாங்க. சரி, வேண்டுதல்னா நாம இன்னா சொல்றது. தண்ணில கால வெச்சினு கொஞ்ச நேரம் குந்துங்க, அந்தப் பக்கம் போற வண்டி எதுனா வந்தா ஏத்தி வுடறேன்னு சொன்னேன். அதுக்குள்ள நீ வந்துட்ட."

அக்கா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். பாதங்களில் அங்கங்கே கொப்புளம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அழுகைதான் வந்தது. அவருக்கு அதுதான் சங்கடமாக இருந்தது போல.

"ஐய, எதுக்கு மேடம் அழறீங்க. மூணு சுத்து சுத்திட்டு வந்தேன், வண்டியக் காணோம். லைன் ஆளுங்க மட்டும் போற ட்ரிப்பு, நம்ம நடுவுல வந்து ஏறினது தப்புன்னு நெனைச்சேன். அதான் நானே போய்டலாம்னு."

தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனதாக நினைத்திருக்கிறார். அப்படி நினைத்ததில் அவருக்கு ஆச்சரியமும் இல்லை. எனக்கு அதற்குமேல் அழுகைகூட வரவில்லை.

நான் என் செருப்பைக் கழற்றி, மிச்சமிருக்கும் இரண்டு கோயிலுக்கும் நானும் இப்படியே வருகிறேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "டெங்கு வந்தது என் பொண்ணுக்கு. நீங்க எதுக்கு கால சுட்டுக்கறீங்க? போட்டுக்கோங்க மேடம்." பாயும் சிரித்தார். நான் போட்டுக்கொண்டேன்.

ஆறாவது கோயில் நடை சாத்தியிருந்தது. நான்கு மணி வரை வாசலில் வேப்பமர நிழலில் எல்லோரும் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். யாரும் என்னைத் திட்டவில்லை. லீடர் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லிவிட்டு, "நாமளும் இத்தினி வருசமா பேசிக்காமயே இருந்துட்டோம்ல" என்றார். அக்கா மகளுக்குப் போன் போட்டு, "ஆறாவது வாசல்லதான் குந்தினு இருக்கேன், நீ கஞ்சி குடி" என்றார்.

மலையடிவாரத்துக் கோயிலுக்குப் போனபோது விளக்கு வைத்திருந்தார்கள். அக்கா கொப்புளக் காலோடு மெதுவாக மூன்று சுற்று வந்தார். இருபத்தோரு பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் மணி பார்க்கவில்லை. மூன்றாவது சுற்று முடிந்து சன்னதி முன்னால் அவர் விழுந்து கும்பிட்டபோது, என் கைகளும் தானாகக் குவிந்தன. என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்த அனுபவத்தை எழுதும்போது யார் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். ஆனால் அவர் பெயரை மட்டுமாவது எழுதிவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. போன வாரம் அவரிடமே கேட்டேன். "பேப்பர்ல எல்லாம் எதுக்கு? உங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டார். ஏழு கோயிலுக்கு வழி தேடி வைத்திருந்த எனக்கு, தினமும் எதிரில் வந்து நின்ற ஒருவரின் பெயர் அவரைத் தொலைத்த பிறகுதான் தெரிந்தது என்பதை நினைத்தால், இன்றும் காலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது.