சுகம் என்று சொல்ல மறுத்த அன்னப்பூரணி

அன்னப்பூரணி தோணியில் ஏறும்போது கணவர் அழகரத்தினம் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார். விளிம்பைப் பற்ற அன்னப்பூரணியின் விரல்கள் மடங்காது. கொக்கட்டிச்சோலை வயல்வட்டைகளில் களை பிடுங்கிய விரல்கள்.

சுனாமி களுதாவளையில் தங்கையின் குடும்பத்தைக் கொண்டுபோன மறுவருடம் மூட்டுகள் வீங்கின. பிறகு போர் மூண்டு, செல்லடிக்குப் பயந்து வாவியைக் கடந்து ஓடி, முகாமில் தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தார். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வரிசையில் நிற்கையில் விரல் நோவைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? எப்படி என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: சுகம்.

போர் ஓய்ந்த மறுவருடம் டொக்டர் விஜிதரன் வாவிக்கரையில் ஒரு சிறு மருந்தாய்வைத் தொடங்கினார். உடலின் காவலே மூட்டுகளைப் பகையென்று தாக்கும் வாதம் உள்ளவர்களுக்கான புது ஊசியைப் பரிசோதிக்கும் ஆய்வு அது. அன்னப்பூரணியும் தோணியில் போய் அதில் சேர்ந்தார்.

“நம்மட மூளை சில சின்னப் பொருளுகளைச் சுரக்குதம்மா. காணும், இனி நிப்பாட்டு எண்டு அதுகள் உடம்புக்குச் சொல்லும். அதைப்போலச் செஞ்சதுதான் இந்த மருந்து. வேலை செய்யுமா எண்டுதான் பாக்கிறம்,” என்றார் டொக்டர்.

“சண்டைய நிப்பாட்டுற மருந்தா?” என்றார் அழகரத்தினம். “முந்தியே கொண்டந்திரிக்கலாமே, மனே!”

ஒவ்வொரு முறையும் டொக்டர் வீக்கத்தை அளந்தார், இரத்தம் எடுத்தார். நோவை மட்டும் நோயாளிதான் சொல்லவேண்டும். அன்னப்பூரணி சொன்னார்: சுகம். வாங்குப் பலகையில் காத்திருந்த மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். இவ்வளவு தூரம் வந்து ஊசி போடுகிற, மகன் போன்ற பிள்ளையின் முகம் வாடக்கூடாதே.

ஒருநாள் டொக்டர் மகிழ்ச்சியோடு சொன்னார்: “வீக்கம் அவ்வளவா வத்தேல்ல. ஆனா நோவு எல்லாருக்கும் குறைஞ்சிரிக்கு. இப்பிடியே போனா வேற ஊர் ஆக்களுக்கும் குடுத்துப் பாக்கலாம்.”

அழகரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. “இஞ்ச வந்தா சுகம். வீட்டில புட்டுக்கு மா குழைக்கிறது ஆரு? நான்! தலை கட்டிவிடுறது ஆரு? அதுவும் நான்தான்!”

பெண்கள் சிரித்தார்கள். அன்னப்பூரணி கணவரை முறைத்தார். ஆனால் டொக்டரின் சொல் உள்ளே தைத்திருந்தது: வேற ஊர் ஆக்கள். தன் மரியாதைக்காகச் சொன்ன சுகத்தை நம்பி, வேறொருத்தி இந்த ஊசிக்குக் கை நீட்டுவாள். உண்மையைச் சொன்னாலோ, போருக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த முதல் ஆய்வு நின்றுபோகலாம்.

அவர் வீங்கிய கைகளை மேசைமேல் வைத்தார்.

“சுகமில்ல, மனே. ஒரு நாளும் சுகமாயிருக்கேல்ல. விடியச் சேலைய மடிச்சுக் கொய்யகம் பிடிக்க ஏலாது. நான் பொய் சொன்னன்.”

டொக்டரின் முகம் வாடத்தான் செய்தது. அவர் பேசுமுன் அன்னப்பூரணி வாங்கின் பக்கம் திரும்பினார்.

“என்னகா பாக்கிறீங்க? இது முகாமில்ல. நம்மட நோவச் சொன்னா ஆருக்கும் குறையில்ல. சொல்லாட்டித்தான் குறை.”

வாங்கின் ஓரத்தில் இருந்த றஞ்சிதா முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அடுத்தவளும் வாய் திறந்தாள். ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி, “எனக்கு மெய்யாவே குறைஞ்சிரிக்கு, டொக்டர்,” என்றாள். அன்று ‘குறைஞ்சிரிக்கு’ என்ற சொல்லுக்கு முதல்முறையாகப் பெறுமதி வந்தது.

ஆய்வு நிற்கவில்லை, பழைய பதில்களைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. தனக்கு உதவாத ஊசியையும், ஆய்வு குறைபடக்கூடாதென்று, அன்னப்பூரணி கடைசிவரை போட்டுக்கொண்டார். ஒரு வாரமும் தவறவில்லை. முடிவில், சிலருக்கு உதவியது, பலருக்கு இல்லை, இன்னும் ஆராயவேண்டும் என்று எழுதினார் டொக்டர்.

“அதில நான் இரிக்கனா?” என்று கேட்டார் அன்னப்பூரணி.

“பேர் போடமாட்டம் அம்மா. ஆனா மருந்துக்கு நோவு கேக்காத ஆக்களில நீங்க இரிக்கிறீங்க.”

திரும்பும் வழியில் எதிரே வந்த தோணிக்காரர் கேட்டார்: “என்னகா, எப்பிடிச் சுகம்?”

“சுகமில்ல!” என்றார் அன்னப்பூரணி, வாவி முழுக்கக் கேட்க. “எழுதியும் வெச்சிட்டாங்க!”

அழகரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோணியைக் கம்பால் ஊன்றினார்.