பதினேழாம் மெஷின்

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் சித்ரகலா செக்கிங் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தாறு நாளாகியிருந்தது. தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். கோணல் தையல் கண்ணில் பட்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பிரித்துத் தைக்க ஆல்டருக்குத் திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு பீஸிலும் தைத்த மெஷினின் நம்பர் இருக்கும். அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வாள். தைத்தவர் யாரென்று ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் வம்பு என்று நினைக்கிற சுபாவம்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மெஷின்கள் ஓய்ந்ததும் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஜெயசுதா வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“ஏனுங் கண்ணு, தெனமும் பஸ்ஸுக்கு ஓடறீங்களே, பஸ்ஸு என்ன உங்க மாமன் மகனா? இன்னிக்குப் பேக்கரிக்கு வாங்க. சாரதாமணியக்கா எல்லாத்துக்கும் டீ வாங்கித் தர்றாங்க.”

மறுக்கத் தெரியாமல் போனாள். பேக்கரி பெஞ்சில் நாலைந்து பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க சாரதாமணி நகர்ந்து இடம் கொடுத்தாள். தன் பப்ஸை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைச் சித்ரகலாவின் தட்டில் வைத்தாள்.

“தின்னு சாமி. ஒட்டடைக் குச்சியாட்டம் இருக்கறே.”

எல்லோரும் சிரித்தார்கள். சித்ரகலாவுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் ஏன் வராமல் இருந்தோம் என்றுகூடத் தோன்றியது. அந்தத் தெம்பில் கேட்டாள்: “என்ன விசேஷமுங்க அக்கா, பொறந்த நாளுங்களா?”

சிரிப்பு அப்படியே நின்றது. ஜெயசுதாதான் சொன்னாள். “அக்காவை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க கண்ணு. அஞ்சு மணிக்கு ஆபீசுல கூப்பிட்டு, திங்கக்கெழமையிருந்து வர வேண்டாம்னுட்டாங்க. பதினேழாம் நம்பர்ல ஆல்டர் ஜாஸ்தியாம்.”

சித்ரகலாவின் கையிலிருந்த டீ புடவையில் சிந்தியது. சுட்டதுகூட உறைக்கவில்லை. ‘17: கழுத்துத் தையல் தொடர்ந்து மோசம். ஆளை மாற்றலாம்.’ நேற்று ரிப்போர்ட்டில் அவள்தான் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

“அக்கா, அதை எழுதினது...”

“நீதான்னு தெரியும் சாமி,” என்றாள் சாரதாமணி. “தப்பு வந்தா எழுதறதுதானே உன்ற வேலை?”

தெரிந்தேதான் பப்ஸைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

“காலைல உங்க பீஸ் ஒண்ணுகூடத் திரும்பாதுங்க அக்கா. மத்தியானம்தான்...”

“மத்தியானம் நான் எங்க கண்ணு தைச்சேன்? பத்து நாளா, சோறு தின்னு கை கழுவறதுக்குள்ள சாம்பிள் தைக்க மாடிக்குக் கூப்பிட்டுக்கறாங்க. என்ற மெஷின்ல புதுசாப் பழகறவங்கதான் உக்கார்றாங்க.”

“ஆபீசுல சொல்லலீங்களா?”

“சொன்னேன். உன்ற நோட்டை எடுத்துக் காட்டினாங்க. நம்பரு என்ற மெஷினோடதுதானே?”

எழுந்து பத்து அடி நடந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பத்து அடியை முப்பத்தாறு நாளும் அவள் நடக்கவில்லை.

போனை எடுத்து மேனேஜர் சிவசுப்பிரமணியத்தை அழைத்தாள். பெஞ்சே காதைத் தீட்டியது.

“சார், பதினேழாம் நம்பர் ரிப்போர்ட் தப்புங்க. மத்தியானம் அந்த மெஷின்ல அவங்க இல்லீங்க. நான் விசாரிக்காம எழுதிட்டேனுங்க.”

“தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுப்பீங்களா? உங்க வேலைக்கும் சேதாரமாகுங்க, பார்த்துக்குங்க.”

“குடுக்கறேனுங்க.”

“திங்கக்கெழமை எட்டு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. பாக்கலாம்.” போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. சாரதாமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மண்ணரையில வேற ஒரு கம்பெனியில போன்ல வேலை கேட்டு வெச்சிருக்கேன். அவங்களும் திங்கக்கெழமைதான் வரச் சொன்னாங்க. எங்க போறதுன்னு யோசிச்சுட்டுச் சொல்றனுங்க.”

அதுவரை ஒருமையில் பேசியவள், மரியாதைக்கு மாறிவிட்டாள். காசு கொடுக்க முன்னால் ஓடிய சித்ரகலாவைக் கையை நீட்டித் தடுத்து, அவள் டீக்கும் சேர்த்துத் தானே கொடுத்துவிட்டு நடந்தாள்.