செதில் வெளிச்சம்

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய பழைய ஐஸ் கிடங்கு. உள்ளே புகைப்படங்களையும் விளக்குகளையும் சேர்த்து ஓர் இளம் பெண் கலைஞர் காட்சி வைத்திருக்கிறார். வெளியே காலை பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளக்கிறது; உள்ளே கும்மிருட்டு. கதவு சாத்திக்கொண்டதும், ஐம்பத்திரண்டு வயது வீரனாகிய நான், பக்கத்தில் அகப்பட்ட கையை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். யாருடைய கை என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

"இன்னா நைனா, இப்டி நடுங்குற? லைட்டு மெதுவாத்தான் வரும்," என்கிறது ஒரு பெண் குரல். "மீன் விக்கிறவ நான். இங்க வெச்சுகீறது என் கை போட்டோதான். யாவாரத்த வுட்டுட்டு அப்டியே ஓடியாந்தேன்."

"கதவு எந்தப் பக்கம்மா?"

"ஓடாத. பாத்துட்டுப் போ."

சுவர் உயரத்துக்கு இரண்டு கைகள் மெல்லத் தெரிகின்றன. மீன் செதில் ஒட்டிய இடங்களில் எல்லாம் படத்தில் ஊசித்துளைகள், பின்னால் விளக்கு. ஒவ்வொரு செதிலாக ஒளி ஏறுகிறது. ஓட நினைத்த நான் வாயைப் பிளந்து நிற்கிறேன்.

"போட்டோ எடுக்கசொல்ல, கழுவிகினு வரேன்னேன். வேணாக்கா, அப்டியே நில்லுன்னுச்சு அந்தப் பொண்ணு. கலீஜா கீதேன்னு ஒரே பேஜாராப் போச்சு எனக்கு." அந்த அம்மாவின் குரல் தாழ்கிறது. "இப்ப பாரேன், எந்த நகைக் கடையில கீது இது?"

வெளியே வந்து உள்ளங்கையைப் பார்க்கிறேன். மூன்று செதில்கள் வெயிலில் மின்னுகின்றன.

வீடு திரும்பும் ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டுகிறது. கையை இன்னும் கழுவவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காருகிறார். பாவம், அவருக்கு வெளிச்சம் போதவில்லை.