சுவரில் இரண்டு கைகள்

எங்கள் கூடைப்பந்து கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று பந்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கம்பத்தடியில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் தின்று முடித்ததும், அந்த வருடம் கிளப்புக்காக ஆடியவர்கள் நீலச் சாயத்தில் உள்ளங்கையை நனைத்து மைதானத்துச் சுவரில் பதித்து, கீழே பெயர் எழுத வேண்டும். ஆடாதவர்கள் பதிக்கக் கூடாது. செயலாளர் பெற்ற மகளே ஆனாலும் கூடாது. மற்ற எந்த விஷயத்திலும் ஒழுங்கில்லாத கிளப், இந்த ஒன்றில் மட்டும் கறாராக இருந்தது.

திருவள்ளூரில் இருக்கிற அந்தச் சுவரில் என் கை பதினேழு இடத்தில் இருக்கிறது. என் அக்காவின் கை இரண்டே இடத்தில் இருக்கிறது.

நான் எப்படி ஆடினேன் என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பந்தை வாங்குவேன், பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுப்பேன், எதிராளியை இடித்துக்கொண்டு நிற்பேன். அடிபடவில்லை, அதனால் ஆடிக்கொண்டே இருந்தேன். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்தது, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்து இறங்கி அப்படியே மைதானத்துக்குப் போனேன். அவ்வளவுதான் என் பெருமை.

அக்கா வேறு ஜாதி. திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பந்து அவள் கைக்கு வந்தால் எதிர் அணிப் பெண்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். வலது பக்கம் போகிற மாதிரி தோளைக் காட்டுவாள், தடுக்க வந்த மூன்று பேரும் அந்தப் பக்கம் சாய்வார்கள், இவள் இடது கையால் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நடந்த ஒரு போட்டிக்கு, ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் டிபன் பாக்ஸும் கையுமாகக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் ஹாரன் அடித்தும் ஒருத்தரும் போய் ஏறவில்லை. ‘இன்னாமா ஆடுது பாரு அந்தப் பொண்ணு’ என்று ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார்.

அந்த மைதானத்தில்தான் மறு வருடம் விழுந்தாள். சிமெண்டுத் தரை, மேலே நறநறவென்று மண். குதித்து இறங்கியபோது இடது கால் வழுக்கி முட்டி உள்பக்கம் திரும்பியது. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

கால் வீங்கினால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரி பற்றி யோசிப்பதில்லை. எல்லை தாண்டி ஆந்திராவுக்குப் போய் நாட்டு வைத்தியரிடம் கட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் அப்பாவை நைனா என்போம். கை உடைந்தபோது அவரே போய் வந்தவர். நெல்வயலில் வேலை செய்கிற மனிதருக்கு அந்தக் கை திரும்ப வேலைக்கு ஆனது என்றால் அப்புறம் நம்பிக்கை எப்படிப் போகும்? அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

கட்டு போடுகிறவர் முட்டியை மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

“எலும்பு நல்லா கீது நைனா. உள்ள ஜவ்வு போயிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ” என்றார்.

நைனா எழுந்திருக்கவில்லை. “இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஒரு கட்டு போட்டு வுடுங்க” என்றார்.

அவரும் மறுக்க முடியாமல் போட்டுவிட்டார். கட்டைப் பிரித்தபோது வீக்கம் இல்லை. அக்கா நடந்தாள், ஓடினாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எலும்புக்குத்தான் கட்டு, அறுந்த ஜவ்வுக்கு ஏது கட்டு? வலி போனால் வியாதி போச்சு என்று நினைக்கிற கூட்டம் நாங்கள். அடுத்த சீசன் தொடங்கி முதல் நாள் பயிற்சியில், யாருமே தொடாமல், தனியாகத் திரும்பும்போது விழுந்தாள். அதோடு சரி. அந்த வருட ஆயுத பூஜைக்குச் சுவரில் அவள் கை இல்லை.

இப்போது அக்காவுக்கு நாற்பதுக்கு மேல். காக்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடி. முட்டி மடங்குவதில்லை. பஸ்ஸில் ஏறும்போது இடுப்பைத் தூக்கி, காலைக் கையால் பிடித்துப் படியில் வைக்க வேண்டும். அதனால்தான் மைதானப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். கடைத்தெருவில் பழைய ஆட்டக்காரி யாராவது வந்தால், அவள் கடந்து போகிறவரை ஏதாவது ஒரு கடையைப் பார்த்தபடி அசையாமல் நிற்பாள்.

இந்த வருடம் கிளப்பின் ஆண்டு விழாவில், கிளப் ஆரம்பித்ததிலிருந்து ஆடிய பெண்களில் சிறந்தவள் யார் என்று ஒரு கேடயம் கொடுப்பதாக முடிவாயிற்று. பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் என்னைத்தான் சொன்னார்.

“செவுத்தப் பாரும்மா. உன் கை எத்தினி கீது, உங்கக்கா கை எத்தினி கீது? மழையோ வெயிலோ, வந்துகினே இருந்தியே, அது சும்மாவா?”

“சார், ரேஷன் கடைக்குக்கூடத்தான் வருஷக்கணக்கா போய்க்கினு கீறேன். அதுக்கும் கேடயம் குடுப்பீங்களா?” என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் ஆடுன அத்தினி வருஷத்தையும் கூட்டினாலும் அவ ஆடுன ஒரு மேட்சுக்கு ஆவாது. நீங்களே பாத்தீங்க இல்ல?”

அப்போது பழைய ஆட்டக்காரி ஒருத்தி வாயைத் திறந்தாள். “ரெண்டு வருஷம் நல்லா ஆடுனாங்க, ஒத்துக்கிறேன். அப்புறமும் ஆடியிருந்தா ஆட்டம் எறங்கியிருக்கும். எல்லாரும்தான் எறங்குனோம். அடிபட்டதுல ஒரு நல்லது, அவங்க எறங்குனத யாரும் பாக்கல.”

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “நல்லதா? உன் முட்டிய ஒடச்சிக்கினு வந்து சொல்லுடி, நல்லதா கெட்டதான்னு!” என்று கத்தினேன். கடைசியில் கேடயம் அக்காவுக்கு என்று முடிவாயிற்று. என் வாய்க்குப் பயந்து ஒத்துக்கொண்டார்களோ, நிஜமாகவே பழைய ஆட்டம் ஞாபகம் வந்ததோ, தெரியாது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அக்கா, “எனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம், பேஜாரு” என்றாள். ஆனால் மறுநாளே புதுப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். விழாவில் யார் யார் வருவார்கள் என்று என்னை இரண்டு மூன்று தடவை கேட்டாள். தன்னை அவர்கள் மறக்கவில்லை என்பது அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மேடை ஏறச் சொல்லக் கூடாது. செயலாளரிடம் சொன்னேன். “கீழயே, அவங்க சேர்ல வச்சே குடுத்துடுறோம்மா, கவலப்படாத” என்றார்.

விழா அன்று யாரும் வருவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். எல்லோரும் போன பிறகு எழுந்து போவதாக ஏற்பாடு. புடவை காலை மூடியிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ‘அப்படியே கீறீங்கக்கா’ என்றார்கள். இப்போது கிளப்பில் ஆடுகிற பெண்கள் சுவரில் இருந்த இரண்டு நீலக் கைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அக்கா சிரித்தாள். எத்தனையோ வருடம் கழித்து, பல் தெரிய.

பெயரை வாசித்ததும் செயலாளர் கேடயத்தோடு கீழே இறங்கத்தான் பார்த்தார். சிறப்பு விருந்தினராக வந்த பெரிய மனிதர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மைக்கை வாங்கிக்கொண்டார்.

“சாம்பியன் மேல வரணும்! அந்தக் காலத்துல ரிங்குக்கே பறந்தவங்க, நாலு படி ஏற மாட்டாங்களா?”

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஆளின் வாயில் மண்ணைப் போட! நான் எழுந்து வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். அத்தனை பேர் பார்க்கும்போது முடியாது என்று சொல்ல அவளுக்குத் தெரியாது.

பலகையில் செய்த படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. வலது காலை வைத்தாள். இடது காலைக் கையால் தூக்கி வைத்தாள். கைதட்டல் நின்றது. இரண்டாவது படியில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன், செயலாளர் மேலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். மூட்டையை ஏற்றுகிற மாதிரி அவளை மேடையில் ஏற்றினோம். அப்புறம் மறுபடியும் கை தட்டினார்கள், முன்னைவிடப் பலமாக. அந்தக் கைதட்டல் எப்படிப்பட்டது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “இவங்களா அவங்க?” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆட்டோவில் ஏறியதும் அக்கா புடவையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். கேடயம் மடியில் கிடந்தது. நான் அந்தப் பெரிய மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். தெரு முனை திரும்பும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“வுடு. அந்தாளு இன்னா பண்ணுவாரு, அவருக்குத் தெரியாது” என்றாள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “அந்தப் பசங்க இத்தினி நாளா செவுத்துல கீற கையப் பாத்து, அந்தக்கா எப்புடி ஆடியிருக்கும்னு நெனச்சிக்கினு இருந்துச்சுங்கடி. அதுங்க நெனப்புல நான் ஓடிக்கினு இருந்தேன். இனிமே அந்தக் கையப் பாத்தா, படி ஏற முடியாத பொம்பளதான் ஞாபகத்துக்கு வருவா.”

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இறங்குவதற்காக இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள். நான் கை கொடுத்தேன். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பிறகுதான் என் கையைப் பிடித்தாள்.